ரிப்பன் கட்டிய ஆஸ்பத்திரி

ஜூலை 8

இன்று முதல் நான் 'குணசீலன் இலவச மருத்துவ நிலைய'த்தின் நிர்வாக மேலாளர். பெரிய பொறுப்புக்கு வந்தவர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது என் கொள்கை. மில்லிலிருந்து ஒரு டைரி கொடுத்தார்கள். அட்டையில் நல்லெண்ணெய் டின் படம். அந்த டின்னின் மேல் கும்பிட்டபடி முதலாளியின் படம்.

முதலாளி குணசீலன் அவர்கள் எண்ணெய் மில் வைத்திருப்பவர். மதுரையில் ரயில்வே மேம்பாலத்துக்குக் கீழேயும் அதை ஒட்டிய நடைபாதையிலும் குடும்பம் நடத்துகிறார்களே, அந்த ஜனங்களுக்காகப் பாலத்துக்கு நேர் எதிரிலேயே இந்த நிலையத்தைக் கட்டியிருக்கிறார். வீடு கிடையாது, அதனால் ரேஷன் கார்டு கிடையாது, அதனால் காப்பீட்டு அட்டையும் கிடையாது என்று இருப்பவர்கள் இங்கே வந்து காசில்லாமல் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். கட்டடம் சிறியது. பெயர்ப் பலகை பெரியது. அதன் ஒரு முனை சைக்கிள் கடைக்கு முன்னாலும் மறுமுனை ஜெராக்ஸ் கடைக்கு முன்னாலும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

"ஜவுளிக்கடையில கணக்குப் பாத்தே காலத்தை ஓட்டின ஆளு நீ. நாலு நோயாளிய வரிசையில நிக்க வைக்க மாட்டியா, நாகசுந்தரம்?" என்று முதலாளி என் தோளைத் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜவுளிக்கடையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சம்பளம் திறப்பு விழா நாளிலிருந்து. விழா பதினான்காம் தேதி.

என் வாடகை வீட்டில் வெள்ளையடிக்கப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அது முடியும்வரை நிலையத்தின் பின்பக்கத்து ஸ்டோர் ரூமில் படுத்துக்கொள்வதாக இருக்கிறேன். மருந்துகளுக்கும் ஒரு காவல் ஆயிற்று. இதையெல்லாம் முதலாளியிடம் சொல்லி அவருக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டியதில்லை.

ஜூலை 13

விழா ஏற்பாடு முடிந்தது. வாசலில் சிவப்பு சாட்டின் ரிப்பன் கட்டியாயிற்று. நல்ல நேரம் பார்த்து, முதலாளியின் ஜோசியர் தம் கையாலேயே முடிச்சுப் போட்டார். "கட்டினது கட்டினதுதான். வெட்டித்தான் அவுக்கணும். கையால அவுத்தா ஸ்தாபனத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்ட வெள்ளிக் கத்தரிக்கோல் வந்திருக்கிறது. நீல வெல்வெட் பெட்டிக்குள் இருக்கிறது. என் பொறுப்பு.

டாக்டர் ஷமீமா வேலையில் சேர்ந்துவிட்டார். சின்ன வயசு. எல்லாவற்றையும் நேருக்கு நேர் கேட்கிற பழக்கம் உண்டு. "எனக்குச் சம்பளம் ஜூலை ஒண்ணுலேர்ந்துன்னு எழுதி வாங்கிட்டேன். நீங்க வாங்கலையா சார்?" என்றார். எங்களுக்குள் எழுத்து எல்லாம் கிடையாது, நம்பிக்கைதான் என்று சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார்.

விழாவுக்கு நான் போட்டுக்கொள்ள முதலாளி தம் மகனுடைய கறுப்பு ஷூவைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒரு சைஸ் சிறியது. காலைத்தான் பழக்க வேண்டும்.

ஜூலை 14

சிறப்பு விருந்தினருக்கு ஜலதோஷம். விழா ஒத்திவைப்பு. ஒரு அண்டா கேசரி மீந்துவிட்டது.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. இனி ஆவணியில்தான் விழா என்று முதலாளி போனில் சொன்னார். "அதுவரைக்கும் ஒரு நோயாளியும் உள்ள வரக்கூடாது. மொத நோயாளிய சிறப்பு விருந்தினரே கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வரணும். அதுதான் போட்டோவே."

நியாயம்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே சீர்ப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிடுவார்களா?

ரிப்பன் கட்டியிருப்பதால் முன்வாசலை உபயோகிக்க முடியாது. நானும் டாக்டரும் சாக்கடையைத் தாண்டிப் பின்வாசல் வழியாக வந்து போகிறோம். டாக்டர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, எதிரே காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நான் கேசரியைத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். வீணாக்கக் கூடாது.

ஷூ கடிக்கிறது. வலது காலில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம். வலி இல்லை என்பது ஆறுதல்.

ஜூலை 21

பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் சின்னப்பொண்ணு. ஐம்பதைத் தாண்டியிருப்பாள். கடைகளில் அட்டைப்பெட்டி பொறுக்கி எடைக்குப் போடுகிறவள்; பாலத்துக்குக் கீழே மூன்றாவது தூணில் குடியிருப்பு. அட்டை பொறுக்கும்போது கண்ணாடி குத்தி, இடது கால் புண்ணாகி, பிளாஸ்டிக் பை சுற்றி வைத்திருந்தாள். பையைத் தாண்டி நாற்றம் வந்தது.

"அண்ணே, இந்த ஆசுபத்திரி எப்பத் தொறப்பாக?"

"ஆவணியில."

"காலு ஆடியிலயில்ல அழுகுது?"

பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமே என்றேன். அதுவும் இலவசம்தான்.

"போனேண்ணே. தங்கி வைத்தியம் பாக்கணும்னாக. கூட ஆரு இருக்கான்னு கேட்டாக. எனக்கு ஆரு இருக்கா? நான் போயி அங்க படுத்துக்கிட்டா எஞ்சாமானை எவன் பாப்பான்? ஒரு நாளு கண்ணசந்தாலே அட்டை பூராம் போயிரும்."

திறப்பு விழாவுக்குப் பிறகு வந்தால் முதல் ஆளாகப் பார்ப்போம் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன். அவள் காலை இழுத்து இழுத்து நடந்து போனதை டாக்டர் ஷமீமா உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் டீ வாங்கிக் கொடுத்தேன், அதைத் தொடவில்லை.

ஜூலை 22

டாக்டருக்கும் எனக்கும் வாக்குவாதம்.

"இன்னும் ஒரு மாசம் இப்படியே விட்டா அந்தம்மாவுக்குப் பாதம் போயிடும் சார். எடுத்துடுவாங்க. புரியுதா?"

புரிகிறது, ஆனால் நோயாளி உள்ளே வரக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு என்றேன்.

"உள்ள வரக்கூடாதுன்னுதானே சொன்னார்?"

"ஆமா."

"ஸ்டோர் ரூம் ஜன்னல் பின்னாடி சந்துலதானே திறக்குது? நான் உள்ள நிக்கிறேன். அவங்க வெளியவே நிக்கட்டும். யாரும் உள்ள வரலை. ரிப்பனும் அப்படியே இருக்கு. உங்க ஜோசியருக்கு வேற என்ன வேணும்?"

இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். உத்தரவில் ஜன்னலைப் பற்றி ஒன்றும் இல்லைதான்.

ஜூலை 23

காலையில் முதல் வேலையாக ஸ்டோர் ரூமிலிருந்த என் டிரங்குப் பெட்டியையும் பாயையும் மருந்து அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினேன். துவைத்துக் காயப்போட்டிருந்த பனியனை எடுக்க மறந்துவிட்டேன். டாக்டர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் நகர்த்தி வைத்தார். நல்ல பெண்.

சின்னப்பொண்ணு ஜன்னலுக்கு வெளியே நின்று காலை எதன்மேல் தூக்கி வைப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. மில்லிலிருந்து வந்த காலி எண்ணெய் டின் ஒன்று கிடந்தது. கவிழ்த்துப் போட்டேன். உயரம் சரியாக இருந்தது. ஆனால் கும்பிட்டபடி இருக்கும் முதலாளியின் முகத்துக்குப் பக்கத்தில் அவள் கால் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. டின்னைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். மறுபக்கத்திலும் அவர் படம் இருந்தது. நான்கு பக்கமும் இருந்தது. விளம்பரத்தில் முதலாளி ஒரு பக்கத்தையும் வீணாக்குவதில்லை.

ஆபரேஷன் சாமான் பெட்டி சீல் உடைக்காமல் இருக்கிறது. விழா மேடையில்தான் உடைக்க வேண்டுமாம். துணியை வெட்டக் கத்தரிக்கோல் இல்லை. டாக்டர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். புண் திறந்து கிடந்தது. நான் நீல வெல்வெட் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

ஜூலை 30

பாலத்துக்குக் கீழே செய்தி பரவிவிட்டது. சந்தில் காலையில் வரிசை நிற்கிறது. இருமல், சிரங்கு, ரத்தக்கொதிப்பு, நாய்க்கடி. மனிதன் நடைபாதையில் படுத்தால் என்னென்ன வருமோ அத்தனையும் வருகிறது. வரிசை கோணலாக நின்றால் எனக்கு ஆகாது. சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். மற்றபடி எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 3

முதலாளி திடீரென்று காரில் வந்து இறங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. பின்னால் சந்தில் ஆட்கள் நிற்கிறார்கள். இருமல் சத்தம் தெருவரை கேட்கிறது.

அவர் முன்பக்கத்திலேயே நின்றார். ரிப்பன்மேல் படிந்த தூசியைப் பார்த்தார். பிறகு பலகையில் தம் படத்தின் மேல் காக்கை எச்சம் இட்டிருந்ததைப் பார்த்தார். அதற்கு மேல் அவருக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை.

"நெத்தியில போயிருக்குய்யா! இதைக்கூடக் கவனிக்காம நீ என்ன மேனேஜர்?"

ஏணி வாங்கி வந்து நானே ஏறித் துடைத்தேன். இறங்கும்போது வலது கால் மரத்துப் போயிருந்தது.

ஆகஸ்ட் 9

என்ன வெயில்! இரவில் நான்கு தடவை எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், அதே கணக்குக்கு வெளியேயும் போய் வருகிறேன். உடம்பும் இளைத்திருக்கிறது. வேலை அப்படி.

"சார், ஏன் விந்தி விந்தி நடக்குறீங்க? உட்காருங்க, சுகர் பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

"நான் நிர்வாகம், டாக்டர். நோயாளிகளைப் பாருங்க" என்றேன். எங்கள் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. அப்பாவுக்குக் கால் எடுத்தது வேறு காரணத்துக்காக.

உண்மையில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் எதிரில் ஷூவைக் கழற்றினால் அப்புறம் யார் என்னைச் சார் என்பார்கள்?

ஆகஸ்ட் 20

ஆவணி பிறந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஏழைகளுக்கு எப்படி வைத்தியம் பார்க்கிறார்கள் என்று நேரில் கண்டு வரப் போயிருக்கிறாராம். திரும்பி வரும் தேதி தெரியவில்லை.

மகனுக்குப் போன் செய்தேன். திருப்பூரில் இருக்கிறான். அவன் வீட்டில் பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். ஆகஸ்டில் என்ன பரீட்சையோ, இந்தக் காலத்துப் படிப்பு நமக்குப் புரிவதில்லை.

ஆகஸ்ட் 27

சின்னப்பொண்ணுக்குக் கட்டு மாற்றும் நாள். டாக்டர் வரத் தாமதமானதால் அவள் ஜன்னல் ஓரமாகக் காத்திருந்தாள். நான் உள்ளே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்ததை வெளியே இருந்து பார்த்துவிட்டாள்.

"நீங்களும் இங்கனதான் படுக்கீகளாண்ணே?"

"வீட்டில வெள்ளையடிக்கிறாங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். "எங்க வீட்லயும் வெள்ளையடிச்சிக்கிட்டுத்தேன் இருக்காக. பாலம் பெருசுல்ல, அதேன் முடிய மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். டாக்டர் வந்து "என்ன ஜோக்?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 4

தேதி குறித்தாகிவிட்டது. பன்னிரண்டாம் தேதி. புரட்டாசி பிறப்பதற்குள் முடித்தே ஆக வேண்டும் என்று, ஊர் திரும்பிய சிறப்பு விருந்தினரை முதலாளி நேரில் போய்ப் பிடித்துவிட்டார். எனக்குச் சம்பளம் வந்துவிடும்! முன்பணம் கொடுத்து ஒரு சின்ன ரூமாவது பிடித்துவிடலாம். (வெள்ளையடிப்பு இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது.)

"சிறப்பு விருந்தினர் வர்ற தெரு. சுத்தமா இருக்கணும். மேலிடத்துக்கு ஒரு கடிதாசி எழுதிப் போடு" என்றார் முதலாளி. பாலத்து முனையில் குப்பைமேடு ஒன்று பல நாட்களாக நாறுகிறது. நல்ல சந்தர்ப்பம் என்று உட்கார்ந்து எழுதினேன். 'நிலையத்தின் எதிரே நீண்ட காலமாகத் தேங்கிக் கிடப்பவற்றை விழாவுக்கு முன்னதாக அப்புறப்படுத்தித் தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.' குப்பை என்ற சொல்லைப் பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் போடக் கூசியது. அதனால்தான் 'தேங்கிக் கிடப்பவை' என்று கௌரவமாக எழுதினேன். டாக்டரிடம் படித்துக் காட்டினேன். தமிழ் நன்றாயிருக்கிறது என்றார்.

செப்டம்பர் 8

சின்னப்பொண்ணுவின் புண் மூடிவிட்டது! டாக்டர் கடைசிக் கட்டைப் பிரித்துவிட்டு, "இனிமே கட்டு வேணாம். செருப்பு போடாம நடக்கக் கூடாது, மாத்திரையை விடக் கூடாது" என்றார். பாதத்தின் பக்கவாட்டில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்திருக்கிறது. சின்னப்பொண்ணு சந்தின் முனை வரை நடந்துபோய், திரும்பி நடந்துவந்து, மறுபடியும் போனாள். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கத்தரிக்கோல் வெட்டிய கட்டு அல்லவா!

விழாவில் முதல் நோயாளியாக இவளைத்தான் உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். கால் ஆறிவிட்டதே, நோயாளியாக எப்படி என்று டாக்டர் கேட்டார். ஒப்புக்கு ஒரு கட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இன்று குளிக்கும்போது கவனித்தேன். என் வலது கால் கட்டைவிரலில் ஷூ பாலிஷ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. மட்டமான பாலிஷ்.

செப்டம்பர் 10

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் இரண்டு வண்டிகள் வந்தன. பாலத்துக்குக் கீழே இருந்த ஜனங்களை எல்லாம் ஏற்றினார்கள். மூட்டை, அடுப்பு, கைக்குழந்தை என்று எல்லாவற்றையும். நான் ஓடிப்போய், "இவங்க எங்க நோயாளிங்க சார், எதுக்கு ஏத்துறீங்க?" என்று கேட்டேன். வண்டியோடு வந்த அதிகாரி ஒரு தாளை நீட்டினார். என் கையெழுத்து. தேங்கிக் கிடப்பவற்றை அப்புறப்படுத்தச் சொல்லி நான்தான் எழுதியிருந்தேன்.

"நான் குப்பையைச் சொன்னேன்" என்றேன்.

"குப்பைக்கு வேற செக்‌ஷன் சார்" என்றார்.

சின்னப்பொண்ணு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். புதுச்செருப்பு போட்டிருந்தாள். "எங்கண்ணே கூட்டிட்டுப் போறாக?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் இறக்கிவிடுவார்களாம்.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவே இல்லை. ஸ்டோர் ரூமில் போய்ச் சத்தமில்லாமல் அழுதார். நான் வெளியே நின்று அழுதேன்.

செப்டம்பர் 11

பாலத்தடி சுத்தமாக இருக்கிறது. சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருக்கிறார்கள். குப்பைமேடு அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 12

திறப்பு விழா.

மேளம், மாலை, பொன்னாடை, எல்லாம் வந்தன. பொன்னாடை மட்டும் எண்ணி மாளாது. அதில் பாதியை நடைபாதையில் படுத்தவர்களுக்குப் போர்த்தியிருந்தால் இருமல் மருந்துச் செலவு மிச்சமாகியிருக்கும். இதை முதலாளியிடம் சொல்லவில்லை; இங்கே எழுதுகிறேன்.

சிறப்பு விருந்தினர் வெல்வெட் பெட்டியிலிருந்து வெள்ளிக் கத்தரிக்கோலை எடுத்தார். மோந்து பார்த்தார். "ஏன்யா, டிஞ்சர் வாடை அடிக்குது?" என்று கேட்டார். கிருமி நீக்கம் செய்து வைத்தோம் என்று சொல்லிச் சமாளித்தேன். ரிப்பனில் வைத்து அழுத்தினார். வெட்டவில்லை. ஜூலையிலிருந்து பிளாஸ்திரி வெட்டிய கத்தரிக்கோல், சாட்டினில் பல்லே படவில்லை. ரம்பம் போட்டு அறுப்பதுபோல் அறுத்துப் பார்த்தார். மேளக்காரர்கள் கெட்டிமேளத்தை இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவை நிறுத்தினார்கள். கடைசியில் டாக்டர் ஷமீமா தம் கோட்டுப் பையிலிருந்து, இன்று காலை வாங்கி வைத்திருந்த ஒரு சாதாரணக் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். ரிப்பன் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சரி, மொத நோயாளி எங்க?" என்றார் சிறப்பு விருந்தினர்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பாலத்தைப் பார்த்தேன். அங்கே சுண்ணாம்புக் கோட்டைத் தவிர ஒன்றுமில்லை. வீடில்லாதவர்களுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. வீடில்லாதவர் ஒருவர்கூடக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. வந்திருந்த அத்தனை பேருக்கும் வீடு இருந்தது. பலருக்கு இரண்டு மூன்று இருந்தது.

முதலாளி என் காதோரம் பல்லைக் கடித்தார். "நீதான் நொண்டிக்கிட்டுத் திரியிறியே. போய் உக்காரு. ஷூவைக் கழட்டு. டாக்டரம்மா, ஒரு கட்டுப் போடுங்க. டேய், போட்டோ எடுங்கடா!"

எனக்கு விருப்பமில்லை. ஆனால் இன்றுதான் சம்பளம் தொடங்குகிற நாள். போய் உட்கார்ந்தேன். சிறப்பு விருந்தினர் பக்கத்தில் குனிந்து என் தோளில் கை போட்டுக்கொண்டார். கேமராக்கள் எல்லாம் என் காலைப் பார்த்தன. டாக்டர் ஷூவைக் கழற்றினார். பிறகு சாக்ஸை இழுத்தார். அது வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரம் பண்ணி மெதுவாக உரித்தார்.

தோளிலிருந்த கை எடுக்கப்பட்டது. சிறப்பு விருந்தினர் மூக்கில் பொன்னாடையைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கி, "அண்ணே, இதைப் பத்திரிகையில போட முடியாது" என்றார். கட்டைவிரல் முழுக்கக் கறுத்திருந்தது. அது பாலிஷ் இல்லை. பாலிஷ் இல்லை என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது?

"இது வேணாம். வேற ஆளை உக்கார வைங்க!" என்றார் முதலாளி. மில் டிரைவர் உட்கார்ந்தார். நல்ல ஆரோக்கியமான கால். வெள்ளை வெளேரென்று ஒரு கட்டு. படம் அருமையாக வந்திருக்கும்.

டாக்டர் என் கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்கு அழைத்து வந்தார். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். மிஷினில் வந்த அளவை என்னிடம் காட்டாமல் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா சார் இப்படி?"

"ஷூ கடிச்சுது."

"நான் தினமும் இங்கதானே நின்னேன்? ஜன்னலுக்கு வெளிய நின்ன அத்தனை பேர் காலையும் பாத்தேன். உள்ள நின்ன உங்க காலைக் காட்டக் கூடாதா?" குரல் உடைந்துவிட்டது. "விரல் போயிடும். இன்னிக்கே போனா பாதத்தைக் காப்பாத்தலாம். பெரியாஸ்பத்திரிக்குப் பேசிடறேன். கூட யாராவது வரணும். யாரு வருவா?"

மகனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. முதலாளியிடம் கேட்டேன். அவர் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். "டாக்டரம்மாவ அனுப்ப முடியாது. டாக்டர் இல்லாம என்னய்யா ஆசுபத்திரி? நீ போய் உடம்பப் பாத்துக்க. சம்பளத்தை நீ திரும்பி வந்த நாள்லேர்ந்து வச்சுக்குவோம்."

பின்சந்தில் வந்து எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. அப்பாவின் கால் ஞாபகம் வந்தது. சாக்பீஸ் கோடு இன்னும் தரையில் அழியாமல் இருந்தது.

அப்போது சந்து முனையில் ஒரு உருவம் வந்தது. தலையில் மூட்டை, காலில் புதுச்செருப்பு.

"என்னண்ணே, இம்புட்டு மேளச் சத்தம்? தொறந்துட்டாகளா?"

சின்னப்பொண்ணு! ஊருக்கு வெளியே இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். "காலு நல்லாருக்கில்ல, அதேன் நடந்துட்டேன்" என்றாள். மற்றவர்களும் பின்னால் வருகிறார்களாம், பிள்ளைகுட்டிகளோடு மெதுவாக. நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். தலையிலிருந்த மூட்டையை இறக்கினாள்.

"படிச்சவுக எழுதினா இப்படித்தேன் ஆகும்" என்றாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். மூட்டையை ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாக டாக்டரிடம் கொடுத்தாள். "இதைப் பாத்துக்கங்கம்மா. எந்திரிங்கண்ணே."

செப்டம்பர் 13

பெரியாஸ்பத்திரி வார்டிலிருந்து எழுதுகிறேன். கட்டைவிரல் போய்விட்டது. பாதம் இருக்கிறது. காலையில் டாக்டர் ஷமீமா வந்து பார்த்துவிட்டுப் போனார். நிலையத்தின் முன்கதவு திறந்துதான் கிடக்கிறதாம். ஆனால் திரும்பி வந்த ஜனங்கள் எல்லாம் பழக்கதோஷத்தில் பின்சந்து ஜன்னலுக்கே வந்து கோட்டில் நிற்கிறார்களாம். அவரும் அங்கேயே நின்று பார்க்கிறாராம். பத்திரிகையையும் கொண்டுவந்திருந்தார். மில் டிரைவர் சிரித்தபடி இருக்கிறார்.

நேற்று இங்கே வந்தது நினைவுக்கு வருகிறது. ஷேர் ஆட்டோவில் சின்னப்பொண்ணு என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். சேர்க்கைச் சீட்டுப் போடுகிறவர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"கூட யாரு?"

"நான்தேன்" என்றாள் சின்னப்பொண்ணு.

"நீ யாரும்மா? சம்சாரமா? தங்கச்சியா?"

அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"பக்கத்து வீடு" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார்.